மடக்குக் கத்தியின் நைலான் பிடிக்கு வீட்டிலேயே சாயம் ஏற்றுவது: கடற்கரைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கறுப்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி இரவில் வத்தையின் (சிறு படகின்) அடியில் வலைக்குள் விழுந்தால் விடிந்த பிறகுதான் கிடைக்கும். ஒரே விசைப்படகில் நாலு பேரிடம் ஒரே மாதிரிக் கத்தி இருந்தால், கூர் மழுங்கினது யாருடையது என்ற சண்டைக்கு முடிவே வராது. பிடியை ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ மாற்றிக்கொண்டால் இரண்டு தொல்லையும் தீரும். அழகுக்காகச் செய்கிறவர்களும் உண்டு. முறை இருவருக்கும் ஒன்றுதான்.

பெயின்ட் அடிப்பது இதற்குச் சரிப்படாது. நைலான் மேல் பெயின்ட் பிடிப்பதில்லை. உப்பும் டீசலும் வெயிலும் சேர்ந்து ஒரே பருவத்தில் செதில் செதிலாக உரித்துவிடும், அந்தச் செதில் மீனிலும் ஒட்டும். சாயம் அப்படியல்ல. அது பிளாஸ்டிக்கின் தோலுக்குள் இறங்கி அங்கேயே தங்குகிறது. கீறினாலும் மேலோட்டமான கீறலில் நிறம் போகாது.

எந்தப் பிடி சாயம் ஏற்கும்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சாயம் நிறத்தைக் கூட்டும், குறைக்காது. கறுப்புப் பிடியில் கரித்தூளை வார்க்கும்போதே கலந்திருக்கிறார்கள். அதை எந்த வேதிப்பொருளும் வெளுக்காது. ஆகவே வெள்ளை, தந்த நிறம், வெளிர் சாம்பல், மஞ்சள் போன்ற வெளிர் பிடி உள்ள கத்தியாகப் பார்த்து எடுங்கள்.

அடுத்தது பிளாஸ்டிக்கின் வகை. மடக்குக் கத்திப் பிடிகளில் பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான்தான் வரும். ஸ்பைடர்கோ நிறுவனம் எஃப்.ஆர்.என். என்று சொல்வதும் இதுதான். பிடியின் உள்பக்கத்தில் பி.ஏ.6, பி.ஏ.66, பி.ஏ.66-ஜி.எஃப்.30 என்று சின்ன எழுத்து இருந்தால் நைலான் என்பது உறுதி. கடைசியில் வரும் 30 கண்ணாடி இழையின் சதவீதம். நைலான் சாயத்துக்கென்றே பிறந்தது மாதிரி. பட்டும் கம்பளியும் எந்தச் சாயத்தை எடுக்கின்றனவோ அதையே இதுவும் எடுக்கும்.

எழுத்து இல்லையென்றால் நல்ல தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎதிலீன். அதோடு விட்டுவிடலாம், வீட்டில் எந்தச் சாயமும் அதில் ஏறாது. மீன் வெட்டப் பலரும் வாங்கும் மோரா கம்பானியன் கத்தியின் பிடி இந்த வகைதான், மேலே ரப்பர் மாதிரியான ஒரு பொருள் சேர்ந்திருக்கும். கடல் தண்ணீரில் சோதிக்காதீர்கள்: உப்புத் தண்ணீர் கனமானது, ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் மிதப்பதா மூழ்குவதா என்று தடுமாறும்.

மூழ்கினால் மட்டும் நைலான் ஆகிவிடாது. பிடியின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிளேடால் நகக்கீற்று அளவு சீவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்தால் நைலான். மெழுகுவத்தி அணைத்த வாடை வந்தால் பாலிபுரொப்பிலீன். கறுப்புப் புகை நூலாகப் பறந்தால் ஏ.பி.எஸ். சுடர் நீலமாக, கண்ணுக்கே சரியாகத் தெரியாமல் எரிந்து கண்ணைக் கரித்தால் அது அசிடால். மூக்கைக் கிட்டே கொண்டுபோகாமல் உடனே அணைத்துவிடுங்கள். அதிலும் சாயம் ஏறாது.

சிவப்புப் பளபளப்புப் பிடி போட்ட விக்டோரினாக்ஸ் பேனாக்கத்திக்கு வேறு வைத்தியம். அந்தப் பிடித்தட்டு செல்லிடோர் எனப்படும் செல்லுலோஸ் வகைப் பிளாஸ்டிக். அதைப் பற்றிப் பின்னால் தனியாக இருக்கிறது. கொதிக்கும் நீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.

சாயம்: என்ன கேட்டு வாங்குவது

பரமக்குடியிலோ மதுரையிலோ சாயக்கடையில் போய் வெறுமனே “சாயம்” என்று கேட்டால், பருத்தி நூலுக்குப் போடும் பொடியைத்தான் கட்டிக் கொடுப்பார்கள். அது நைலானில் நிற்காது. “பட்டுக்குப் போடும் ஆசிட் சாயம்” என்று கேளுங்கள். ஆசிட் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். புளிப்பான குளியலில், அதாவது சாயம் கரைத்த புளிப்புத் தண்ணீரில், வேலை செய்கிற சாயம் என்பதுதான் அதன் பொருள். 25 அல்லது 50 கிராம் போதும். ஒரு ஜோடிப் பிடித்தட்டுக்கு 5 கிராமுக்கு மேல் எந்த நிறமும் செலவாகாது.

வேலை செய்யும் விதம் இது. நைலான் சங்கிலியின் நுனிகளில் அமீன் என்ற தொகுதி இருக்கிறது. குளியல் புளிப்பாக இருக்கும்போது அது நேர்மின்னேற்றம் பெறுகிறது. ஆசிட் சாயத்துக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. சூடு, சாயம் உள்ளே நுழைய வழி திறக்கிறது. புளிப்பு, உள்ளே வந்ததைக் கட்டிப்போடுகிறது. இதில் ஒன்று குறைந்தாலும் நிறம் நிற்காது.

மளிகைக் கடைக் கேசரிப் பவுடரும் இதே இனம்தான் என்பது பலருக்குத் தெரியாது. டப்பாவில் ஐ.என்.எஸ். 102, 110, 122, 124, 133 என்ற எண்களில் ஏதாவது இருந்தால் அது ஆசிட் சாயமே. உப்போ மாவுப்பொருளோ கலந்து நீர்த்திருப்பார்கள். அதனால் லிட்டருக்கு 10 கிராம் வரை போட வேண்டியிருக்கும். மஞ்சளும் ஆரஞ்சும் இதிலேயே அருமையாக வரும். மீன் வெட்டவும் பழம் நறுக்கவும் வைத்திருக்கும் கத்திக்கு இதுவே பொருத்தம், ஏனென்றால் பட்டுச் சாயம் உணவோடு சேர்வதற்காகச் செய்யப்பட்டதல்ல. குறை என்னவென்றால், வெயிலிலும் சோப்பிலும் பட்டுச் சாயத்தைவிடச் சீக்கிரம் மங்கும்.

கோலப்பொடி, சுவர் வண்ணம், பேனா மை இவை வேண்டாம். கோலப்பொடி கரையவே கரையாத நிறத்தூள். சமையல் மஞ்சள் நைலானில் ஏறும். ஆனால் நாலு நாள் வெயிலில் ஓடிவிடும். வலையைக் காக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்தார்களே, அதை இதில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது பருத்தி வலை காலத்து முறை. பிடியில் அழுக்குப் பழுப்பாகத்தான் படியும்.

தண்ணீர்: இங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள்

ராமநாதபுரம் கடலோரத்துப் போர்வெல் தண்ணீரில் சாயம் போட்டால் பத்துக்கு எட்டுத் தடவை வெளிறிப்போகும். சாயத்தில் குற்றமில்லை. அந்தத் தண்ணீரில் மூன்று கெடுதல்கள் இருக்கின்றன. கரைந்திருக்கும் பைகார்பனேட் நாம் ஊற்றுகிற வினிகரைத் தின்றுவிடும், புளிப்பு ஏறாது. கால்சியமும் மெக்னீசியமும் சில சாயங்களைத் திரியவைத்து அடியில் படியவிடும். உப்பு, நைலானில் சாயம் போய் உட்கார வேண்டிய இடத்துக்குப் போட்டியாக வந்து நிற்கும். சாயப்பட்டறையில் நிறம் நிதானமாக ஏறட்டும் என்று வேண்டுமென்றே உப்புப் போடுவது உண்டு. நமக்கு வாய்த்திருக்கும் தண்ணீரில் அது கேட்காமலே கலந்திருக்கிறது.

கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் பிடித்த மழைத் தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. குளியலுக்கு ஒரு லிட்டர், அலச நாலு லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

கத்தியைப் பிரிப்பது

கடலில் புழங்கிய கத்தியைப் பிரிக்கும் முன் ஒரு இரவு நல்ல தண்ணீரில் கிடக்க விடுங்கள். திருகின் தலையிலும் கீல் இடுக்கிலும் உப்புக் கல்லாக இறுகியிருக்கும். அப்படியே முறுக்கினால் திருகின் தலை வழுக்கிப் போகும். பெரும்பாலான மடக்குக் கத்திகளில் நட்சத்திரத் தலைத் திருகுதான், டி6, டி8 அளவு. கீலுக்கு டி8 அல்லது டி10. விலை மலிந்த திருப்புளி பிட்டை இதில் பயன்படுத்தாதீர்கள். திருகு அசையவில்லை என்றால் பசை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சாலிடரிங் இரும்பின் நுனியைத் திருகின் தலையில் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கி, பிறகு திருப்பினால் இளகும். சூடு பிளாஸ்டிக்கில் படக்கூடாது.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். வாஷர் எந்தப் பக்கம் எது என்பது மறந்துதான் போகும். அலகு, கிளிப், வாஷர், லைனர் (பிடிக்குள் இருக்கும் உலோகத் தகடு) எல்லாம் தனியாகத் துடைத்து எண்ணெய் தடவி டப்பாவில் போட்டுவிட வேண்டும். குளியலுக்குள் பிடித்தட்டு மட்டுமே போகலாம்.

ரிவிட் அடித்த கத்தியை என்ன செய்வது? வினிகர் கலந்த சூட்டில் அலகோடு மூழ்கடித்தால் கீலுக்குள் புளிப்பு ஏறி உள்ளிருந்து துரு பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை இந்தக் கடற்கரையில் நம்பக்கூடாது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை அரித்தெடுத்த அதே உப்புக்காற்றுதான் உங்கள் கத்தியின் மேலும் அடிக்கிறது. ரிவிட் கத்தியை விட்டுவிடுங்கள்.

வழும்பும் நெய்யும் போக்குவது

நிறம் திட்டுத்திட்டாக விழுவதற்கு முதல் காரணம் மீன் நெய். சாளை வெட்டிய கத்தியின் பிடியில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கும், அந்த இடத்தில் சாயம் ஏறாது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி, 60 டிகிரிச் சூட்டில் அரை லிட்டர் தண்ணீர். அதில் பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் பள்ளம் பள்ளமாகத் தேய்க்கவும். இரண்டாம் முறையும் செய்யவும். பிறகு ஐசோபுரொப்பில் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, அதற்கப்புறம் வெறும் கையால் தொடாதீர்கள். விலைச்சீட்டு ஒட்டியிருந்த இடத்துப் பசையை மறந்துவிட்டால் சீட்டின் வடிவம் அப்படியே வெள்ளையாக வந்து நிற்கும்.

கணவாய் மையின் கறை போகாது. சாயத்துக்கு அடியில் ஒளிந்துகொள்ளட்டும் என்று கறுப்பு, கரும்பச்சை, பழுப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

வெயிலில் பல வருடம் கிடந்த பிடியில் வெள்ளைப் பூச்சு மாதிரி தெரிவது தூசி அல்ல. மேல் நைலான் சிதைந்து கண்ணாடி இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. 400, பிறகு 800 எண் நீர் எமரித் தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் தோலில் அரிக்கும், நெஞ்சுக்கும் ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு கேபிள் டை

எலக்ட்ரிக்கல் கடையில் விற்கும் வெள்ளை கேபிள் டை நைலான் 66. பிடியின் நெருங்கிய சொந்தம். ஒரு பாக்கெட் வாங்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஐந்து துண்டு நறுக்கிப் போட்டு, 5, 10, 20, 30, 45 நிமிடத்தில் ஒவ்வொன்றாக எடுத்து அட்டையில் ஒட்டி நேரம் எழுதிவையுங்கள். இந்த அட்டை கையில் இருந்தால் ஊகத்துக்கு வேலை இல்லை. கண்ணாடி இழை கலந்த பிடி சொரசொரப்பானது, கேபிள் டை வழுவழுப்பானது. அதனால் பிடியில் நிறம் கொஞ்சம் அடங்கியே தெரியும். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேராகப் பிடியைப் போடுகிறவர்கள்தான் பிறகு “கறுப்பு பச்சையாக வந்துவிட்டது” என்று புலம்புவது.

குளியல்

இரண்டு லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைச் சாயத்துக்கென்றே ஒதுக்குங்கள், அதில் இனி சோறு கிடையாது. அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும், நிறமும் திரியும். வெளியில் வைத்துக் காய்ச்சுவதாக இருந்தால் காற்று மறைப்பு கட்டாயம். பாம்பன், மண்டபம் பக்கத்துக் காற்றில் அடுப்புச் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், நிறம் வரிவரியாக விழும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பட்டுச் சாயத்தின் அளவு: மஞ்சள் 1 கிராம், ஆரஞ்சு 1.5, நீலம் 1.5, சிவப்பு 2, கறுப்பு 5 கிராம். நகைக் கணக்குக்கு விற்கும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் நல்லது. பொடியைக் கிளறும்போது விசிறியை நிறுத்தி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு தேக்கரண்டி வெந்நீரில் பொடியைக் குழைத்துக் களிம்பாக்கி, பிறகு ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக் குளியலில் சேர்க்க வேண்டும். வடிகட்டாமல் விட்டால் கரையாத துகள் பிடியில் ஒட்டிக் கரும்புள்ளியாகும். அந்தப் புள்ளியை எடுக்க முடியாது.

கூடவே இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். தண்ணீர் பிடியின் சொரசொரப்புக்குள் சரியாகப் பரவ அது உதவும்.

பிடித்தட்டை நைலான் நரம்பில் கட்டித் தொங்கவிடுங்கள். கட்டுகிற நரம்பும் சாயம் ஏற்கும், அதைத் தூக்கிப் பார்த்தே நிறம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். பிடி பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது, இரண்டு தட்டும் ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது. ஒட்டிய இடம் வெளிறி நிற்கும்.

முதலில் சாயமில்லாத 60 டிகிரி வெந்நீரில் பதினைந்து நிமிடம் ஊறட்டும். நைலான் தண்ணீரைக் குடிக்கிற பிளாஸ்டிக். தண்ணீர் உள்ளே போனதும் சங்கிலிகள் இளகிச் சாயத்துக்கு வழி கிடைக்கும். பிறகு அதே சூட்டில் உள்ள சாயக் குளியலுக்கு மாற்றி, 4 சதவீத வினிகர் 20 மி.லி. ஊற்றிக் கிளறுங்கள். பதினைந்து நிமிடத்தில் மெதுவாக 85 முதல் 90 டிகிரிக்குக் கொண்டுவரவும். வெப்பமானி இல்லாதவர்கள் பாத்திரத்தின் அடியில் சின்னக் குமிழி விட்டு, ஆவி வந்து, தளதளவென்று கொதிக்காத நிலையைப் பிடித்துக்கொள்ளலாம். அங்கே வந்ததும் பிடியை வெளியே தூக்கிக்கொண்டு இன்னொரு 30 மி.லி. வினிகர் ஊற்றிக் கலக்கி, மறுபடி இறக்குங்கள்.

ஏன் இரண்டு தவணை? மொத்தப் புளிப்பையும் முதலிலேயே ஊற்றினால் சாயம் பாய்ந்துபோய் முதலில் கண்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் கருப்பு, நடுவில் வெளுப்பு. வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) லிட்டருக்கு 3 கிராம், அதையும் இரண்டாகப் பிரித்துப் போடவும். புளிப்பை அளக்கும் பி.எச். தாள் இருந்தால் 4-க்கு மேல் போகாமல் இருக்கிறதா பாருங்கள். புளி கரைத்து ஊற்றும் யோசனை வேண்டாம், அதன் பழுப்பு எல்லா நிறத்தையும் அழுக்காக்கும்.

இனி கிளறுவதுதான் வேலை. மரக்குச்சியால் நிற்காமல், மெதுவாக. மஞ்சளுக்கு 5 முதல் 10 நிமிடம், ஆரஞ்சுக்கு 10 முதல் 15, சிவப்புக்கும் நீலத்துக்கும் 20, கறுப்புக்கு 45 முதல் 60. ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும். எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, நிழலில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். போதாவிட்டால் திரும்பப் போடலாம். மிஞ்சினால் திரும்ப வழி கஷ்டம்.

நிறம் சேர்த்துப் பார்ப்பது

படகில் காணாமல் போகாத நிறம் ஆரஞ்சு. மஞ்சள் பகலில் கண்ணைப் பறிக்கும், ஆனால் கயிறும் மிதவையும் மஞ்சளாக இருக்கும் இடத்தில் கலந்துவிடும். நீலமும் பச்சையும் வலையின் நிறம். தொலைக்கிற எண்ணம் இருந்தால் போடலாம்.

வெள்ளைப் பிடியில் எதுவும் வரும். மஞ்சள் பிடியை நீலத்தில் போட்டால் பச்சை. ஆரஞ்சு ஏற்றியதை நீர்த்த நீலத்தில் இரண்டு நிமிடம் காட்டினால் பனங்கருப்பட்டி நிறம் கிடைக்கும், இது அழகானது. கறுப்புச் சாயம் பெரும்பாலும் நீலம் அல்லது பச்சைச் சாயல் அடிக்கும். அரை கிராம் ஆரஞ்சு சேர்த்தால் சாயல் அடங்கும். இரண்டு பொடியை ஒரே குளியலில் கலப்பது ஆபத்தான வேலை, ஒன்று வேகமாக ஏறும், இன்னொன்று பின்தங்கும். ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு குளியல் வைப்பதே கட்டுப்பாட்டில் இருக்கும்.

ஒரு முனை வெளிர், மறு முனை அடர்த்தி என்று வேண்டுமானால், முதலில் முழுத் தட்டையும் வெளிர் நிறத்தில் முக்கி எடுங்கள். அடுத்த குளியலில் ஒரு முனையைக் கால் அளவு இறக்கி, இரண்டு நிமிடத்துக்கு 5 மி.மீ. வீதம் மேலே தூக்குங்கள், கை ஆடிக்கொண்டே இருக்கட்டும். அசையாமல் பிடித்தால் தண்ணீர்க் கோடு கோடாகவே பதிந்துவிடும்.

அலசி, உலர்த்தி, மாட்டுவது

வெளியே எடுத்ததும் வெதுவெதுப்பான நீரில், பிறகு குளிர்ந்த நீரில், அலசும் தண்ணீர் தெளியும்வரை அலசவும். சூடான பிடியைச் சமதளமான பலகையில் வையுங்கள், வளைந்த பாத்திரத்தில் போட்டால் அந்த வளைவைப் பிடித்துக்கொள்ளும். ஒரு சொட்டுச் சோப்பில் கழுவி, வெள்ளைத் துணியை வெந்நீரில் நனைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் இன்னும் அலச வேண்டும். மீன் வெட்டும் கத்திக்கு இந்தத் துணிச் சோதனையில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

திருகு ஏறும் இடத்தில் பித்தளைக் குழல் பதித்திருந்தால் வினிகர் பட்டு இளஞ்சிவப்பாகியிருக்கும். பயமில்லை. துளைக்குள் புளிப்பு மிச்சமிருந்தால்தான் திருகு துருப்பிடிக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் பீய்ச்சிவிடுங்கள்.

இப்போது அவசரப்படாமல் இருப்பது கடினம், ஆனால் முக்கியம். தண்ணீர் குடித்த நைலான் கொஞ்சம் பெருத்திருக்கும். உடனே மாட்டினால் திருகுத்துளைகள் நேராக வராது, கீல் இறுகும், பலவந்தம் செய்தால் துளை ஓரம் விரியும். நிழலில் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் விடவும். மழைக்காலத்தில் மூன்று நாள். வெயிலில் காயவைக்க வேண்டாம்.

மாட்டும்போது கீலுக்குத் தேங்காய் எண்ணெய் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், நாளாக நாளாகப் பிசினாகும், மணலையும் பிடித்துவைத்துக்கொள்ளும். உணவுத் தரமான கனிம எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

என்ன தப்பு நடக்கும், எதனால்

நிறமே ஏறவில்லை, குளியல் மட்டும் அடர்த்தியாக நிற்கிறது என்றால் மூன்றில் ஒன்று: அது நைலான் இல்லை, சாயம் பருத்திச் சாயம், அல்லது தண்ணீர் வினிகரைத் தின்றுவிட்டது. கேபிள் டை துண்டைப் போட்டுப் பாருங்கள். அது நிறம் ஏற்றால் பிடிதான் வேறு பிளாஸ்டிக். அதுவும் ஏற்கவில்லை என்றால் இன்னும் 30 மி.லி. வினிகர் ஊற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சாயம் தப்பு.

பிடியின் மேல் செம்புப் பளபளப்பு மாதிரி தெரிந்தால் சாயம் மிஞ்சி மேலேயே படிந்திருக்கிறது. சூடான சோப்புத் தண்ணீரில் தேய்த்தால் போகும். ஒரு கோடு மட்டும் அடர்த்தியாகத் தெரிவது வார்ப்பில் பிளாஸ்டிக் வந்து சேர்ந்த தடம். வார்த்தவன் கைவரிசை அது, நம்மால் மாற்ற முடியாது.

வளைந்த பிடியை 90 டிகிரிச் சாயமில்லாத நீரில் ஐந்து நிமிடம் போட்டு, இரண்டு மரப்பலகைக்கு நடுவில் கிளாம்ப் செய்து, அப்படியே குளிர்ந்த நீரில் இறக்கினால் நேராகும்.

திட்டுத்திட்டான நிறத்தை மறைக்க ஒரே நல்ல வழி அதைவிட அடர்ந்த நிறம். இல்லையென்றால் உரிக்கலாம்: லிட்டருக்கு 3 கிராம் சலவைச் சோடா, 80 டிகிரி, இருபது நிமிடம். புளிப்பில் ஏறியது காரத்தில் இறங்கும். முழுக்க இறங்காது, வெளிர் சாயல் மிஞ்சும். பிளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீர்கள். குளோரின் நைலானை நொறுங்கச் செய்யும். வினிகர் இருந்த பாத்திரத்தில் பிளீச்சிங் பவுடர் பட்டால் விஷவாயு கிளம்பும். ஏலக் கூடத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும்போது கத்தியை அந்தத் தண்ணீரில் போட்டுவைப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

செல்லிடோர் பிடி

விக்டோரினாக்ஸ் வகைப் பேனாக்கத்தியின் தட்டு, ரிவிட் தலைகளில் அழுத்தி மாட்டப்பட்டது. மெல்லிய தகட்டை இடுக்கில் நுழைத்து, ரிவிட் இருக்கும் இடத்தின் அருகே மெதுவாகத் திருகினால் கழன்று வரும். நடுவில் நெம்பினால் உடையும். முள்வாங்கியையும் பல்குச்சியையும் முன்பே உருவிவிடுங்கள்.

இதற்கு ஆசிட் சாயம் ஏறாது. பாலியஸ்டர் துணிக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயம் வேண்டும். பொருத்தமும் பழையது: 1920-களில் அந்தச் சாய வகையை உருவாக்கியதே செல்லுலோஸ் அசிடேட் துணிக்காகத்தான், பாலியஸ்டர் பிறகு வந்தது. லிட்டருக்கு 3 கிராம் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்துக் கலக்குங்கள். இது கரையாது, பால் மாதிரிக் கலங்கி நிற்கும். சூடு 60 முதல் 65 டிகிரி, அதற்குமேல் வேண்டாம், வெப்பமானி இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம். நேரம் அரை மணி முதல் ஒரு மணி. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை இந்தத் தட்டில் காட்டினால் பளபளப்பு உருகிப் பால் மூடும். சிவப்பின் மேல் சிவப்பைவிட அடர்த்தியானதே வரும். ஆகவே ஒளி ஊடுருவும் வெளிர் தட்டு கிடைத்தால் அதுவே சிறந்தது.

மிச்சக் குளியல்

அதே நிறத்தில் இன்னும் ஒன்றிரண்டு பிடிக்கு அந்தத் தண்ணீர் ஆகும். பழைய பாட்டிலில் ஊற்றி, “சாயம், குடிக்காதே” என்று பெரிதாக எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஆரஞ்சுக் குளியல் பார்வைக்கு அப்படியே சர்பத்.

கொட்டுவதென்றால் ஊருணியிலோ கிணற்றடியிலோ கடலிலோ வேண்டாம். நம் ஊர் மணலில் ஒரு வாளி ஊற்றினால் பக்கத்துக் கிணற்றில் வந்து நிற்க அதிக நாள் பிடிக்காது. ஆப்ப சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நுரைப்பது நின்றதும் நிறையத் தண்ணீர் சேர்த்துக் கழிவறையில் ஊற்றுங்கள். அடியில் தங்கும் வண்டலைச் சாம்பலில் பிசைந்து காயவைத்துக் குப்பையோடு அனுப்பலாம். பாத்திரத்தில் ஒட்டிய கறைக்குச் சலவைச் சோடா போட்ட வெந்நீர் ஒரு மணி நேரம் நிற்கட்டும். கையில் ஏறியது மூன்று நாளில் தானாகப் போகும்.